மாலிபுவை ஓட்ட இரண்டு பேர்

பெங்களூரில் ஒரு காபியை இரண்டு பேர் பிரித்துக் குடிக்கிறார்கள். 'பை டூ' என்று பெயர். தொம்மலூரில் என் கெஸ்ட் ஹவுஸுக்கு எதிரே, நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல் ஒன்று இருந்தது. முதல் நாள் காலை கல்லாக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "பை டூவா?" என்று கன்னடத்தில் கேட்டார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. "ஒன்று, முழுசாக" என்றேன். வந்த டம்ளரை மிச்சிகனில் காட்டினால் இருமல் மருந்தா என்று கேட்பார்கள். ஆனால் காபி காபியாக இருந்தது. கேசரியையும் உப்புமாவையும் ஒரே தட்டில் வைத்து 'சௌசௌ பாத்' என்று நீட்டினார்கள். இது என்னடா கூத்து என்று முறைத்துவிட்டு இரண்டையும் வழித்துச் சாப்பிட்டேன்.

நான் வேலூர்க்காரன். இருபது வருஷத்துக்கு மேல் மிச்சிகனில் கார் உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அந்தப் பாகத்தைப் பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் ஒரு பட்டறையில் செய்தால் செலவு குறையும் என்று எங்கள் முதலாளிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுக்க என்னையே அனுப்பியிருந்தார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள விமான டிக்கெட்டும் கொடுத்து அனுப்பிய கம்பெனி எங்களுடையதாகத்தான் இருக்கும். இது நடந்தது தொண்ணூற்றெட்டில்.

பீன்யாவுக்குப் போகிற வேன் துமகூர் ரோட்டில் வாரத்துக்கு ஒரு முறையாவது படுத்துக்கொள்ளும். எல்லாரும் இறங்கித் தள்ளுவோம். தள்ளுகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர். "சார், நீங்க தள்ளாதீங்க, சட்ட அழுக்காய்டும்" என்பார்கள். தள்ளிக்கொண்டே ஒருவர் கேட்டார்: "ஃபேமிலி எல்லாம் அங்கியேவா சார்?"

"ஆமாம், அங்கேதான்" என்றேன். என் மனைவி பிரிந்து போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை கிடையாது. வேலூர் வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வேன் தள்ளுகிற இடத்தில் இதையெல்லாம் விளக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமைதான் பெரும்பாடு. கெஸ்ட் ஹவுஸ் சுவர் என்னைப் பார்க்க, நான் சுவரைப் பார்க்க, பத்து மணி ஆவதற்குள் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. கால் போன போக்கில் நடந்தேன். தொம்மலூர்ச் சந்துகளைத் தாண்டி, வழி தெரியாமல் சுற்றி, கடைசியில் விவேக் நகரில் குழந்தை இயேசு கோவில் பக்கம் வந்து சேர்ந்தேன். மெழுகுவர்த்தியும் பூவும் விற்கிற கடைகள், எங்கு பார்த்தாலும் தமிழ்க் குரல்கள். ஒரு ஆட்டோக்காரர் இன்னொருவரை "ஒந்து நிமிஷம் தள்ளிப் போடுப்பா, உங்கப்பன் ஊட்டு ரோடா?" என்று கன்னடம் கலந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தள்ளிப் போட்ட ஆட்டோவுக்குப் பின்னால் நின்றது, அறுபத்தைந்தாம் வருஷத்து அமெரிக்கக் கார், மாலிபு.

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். வெள்ளை நிறம், நாலு கதவு, பானட்டில் முந்தின நாள் கல்யாணத்துப் பூச்சரத்தின் பசை. இதே வருஷத்து மாலிபு ஒன்று மிச்சிகனில் என் கராஜில் நிற்கிறது. மனைவி பிரிந்து போன அந்த வருஷம் நான் வாங்கியது. ஒருவர் போனதற்கு ஒரு டன்னுக்கு மேல் இரும்பை வாங்கி நிறுத்தியவன் நான்.

மாலிபுவைப் பற்றிக் கேட்டால் நான் நிறுத்த மாட்டேன். கேட்காவிட்டாலும் அப்படித்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்கள் நீண்டுகொண்டே போய்த் தெருவை அடைத்தன. சின்னதாக வந்தவையோ குடும்பத்துக்குப் போதவில்லை. நடுவாந்தரமாக ஒன்று வேண்டும் என்று அறுபத்து நான்காம் வருஷ மாடலாக 'ஷெவெல்' என்ற காரைக் கொண்டுவந்தார்கள். அதிலேயே கொஞ்சம் நகை நட்டுப் போட்ட வகைக்குத்தான் மாலிபு என்று பெயர். கலிபோர்னியாவில் பணக்காரர்கள் வீடு கட்டியிருக்கிற ஒரு கடற்கரையின் பெயர் அது. வாங்கியதோ சம்பளக்காரர்கள். முன்னால் ஒரே நீள சீட்டு. அப்பா, நடுவில் பிள்ளை, அந்தப் பக்கம் அம்மா.

"இன்னா சார், வண்டி வேணுமா? கல்யாணமா?" என்று ஒரு குரல். அறுபதைத் தாண்டிய மனிதர், நல்ல உயரம், சட்டை காலர் வரை பித்தான் போட்டிருந்தார். அவர்தான் சூசையண்ணன்.

"எனக்கா? கல்யாணமா? ஒரு தடவை பட்டது போதும் அண்ணே" என்றேன். அவர் சிரித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் நான் அவர் வீட்டில் ரொட்டியும் டீயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் மனைவி பிலோமினாவை நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

வண்டியின் கதையைச் சூசையண்ணன் சொன்னார். மெட்ராஸில் ஒரு வெளிநாட்டு அதிகாரி வைத்திருந்த கார். அவர் ஊருக்குப் போகும்போது சிக்கமகளூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டக்காரர் வாங்கினார். அவருக்கு டிரைவர் சூசை. தொண்ணூற்று ஒன்றுக்குப் பிறகு புதுப் புதுக் கார்கள் வந்து இறங்கியதும் தோட்டக்காரருக்கு இது பிடிக்காமல் போய்விட்டது. "எடுத்துக்கினு போடா சூசை, எடத்த அடைச்சிகினு நிக்குது" என்று கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து கல்யாண வண்டி. விவேக் நகரில் பாதிப் பேர் இதில்தான் கோவிலுக்குப் போய் மாலை மாற்றி வந்தவர்கள்.

பானட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். திறந்தார். அய்யய்யோ! உள்ளே ஆறு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ டெம்போவிலிருந்து பிடுங்கிய டீசல் இஞ்சின் உட்கார்ந்திருந்தது. கியர் ராடு தரையைத் துளைத்துக்கொண்டு நீள சீட்டின் நடுவே முளைத்திருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவர், "பெட்ரோல் போட்டா கட்டுப்படி ஆவுமா சார்? வெளியில ராஜா, உள்ள கூலி. நம்மள மாதிரிதான்" என்றார்.

ஸ்டியரிங் மட்டும் அமெரிக்காவில் வைத்தபடியே இடது பக்கம் இருந்தது. இதில்தான் சங்கதி. நம் ஊரில் இடது பக்கமாகப் போகிறோம். முன்னால் ஒரு லாரி போனால், இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு லாரியின் முதுகுதான் தெரியும். எதிரே என்ன வருகிறது என்பது தெரியாது. வலது சீட்டில் ஒருவர் உட்கார்ந்து எட்டிப் பார்த்து, "போ", "நில்லு" என்று சொல்ல வேண்டும். மிச்சிகனில் இந்தக் காரை நான் ஒருவனே ஓட்டுகிறேன். இங்கே அதே காருக்கு இரண்டு பேர் வேண்டும். இத்தனை வருஷமும் சூசையண்ணனுக்கு அந்த இரண்டாவது ஆள் பிலோமினாக்கா. கல்யாணச் சவாரிக்கும் அவர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறிவிடுவாராம்.

"பொண்ணு மாப்ள பின்னால குந்தி இன்னா பேசிக்கிறாங்கன்னு காதுல உழுவும்" என்றார் அக்கா. "முக்காவாசிப் பேரு கோவிலு தாண்டறதுக்குள்ளயே சண்ட!"

அடுத்த ஞாயிறு என்னை ஹொஸ்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பழைய மெட்ராஸ் ரோடு. நான் பின்சீட்டில் மாப்பிள்ளை மாதிரி, பக்கத்தில் பெண் இல்லாமல். கே.ஆர். புரம் தாண்டியதும் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் மாட்டியது. அக்கா ஜன்னலில் தலையை நீட்டி, "வருது... வருது... நில்லு" என்றார். எதிரே ரோடு காலியாகக் கிடந்தது. சூசையண்ணன் "சரிம்மா" என்றார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். மிச்சிகனில் இந்த வேகத்தில் போனால் போலீஸ் நிறுத்தி உடம்புக்கு என்ன என்று விசாரிக்கும்.

ஹொஸ்கோட்டையில் ஒரு மிலிட்டரி ஹோட்டலில் ராகி முத்தே என்கிற கேழ்வரகுக் களி உருண்டையும் கறிக் குழம்பும். நான் முத்தேயை மென்றேன். "ஏன் சார், பல்லுல ஒட்டிக்கும். மெல்லக் கூடாது, முழுங்கணும்" என்று அக்கா அதட்டினார். முழுங்கினேன், தொண்டையில் நின்று கண்ணில் தண்ணீர் வந்தது. நான் தண்ணீரைத் தேடுவதற்குள் ஒன்றைக் கவனித்தேன். அக்காவின் டம்ளரைச் சூசையண்ணன் மெல்ல நகர்த்தி அவர் விரலில் படும்படி வைத்தார். அக்கா அதைப் பார்க்காமலே எடுத்தார்.

சாப்பிட்டுக்கொண்டே மாலிபு புராணத்தைத் தொடர்ந்தேன். எழுபத்தெட்டில் ஷெவெல் என்ற பெயரைத் தூக்கிவிட்டு வண்டியையே மாலிபு ஆக்கினார்கள், உடம்பையும் சுருக்கினார்கள் என்றேன். அதில் பின்கதவுக் கண்ணாடி கீழே இறங்காது என்றதும் அக்கா, "எறங்காதா? அப்ப கொழந்தைங்க வாந்தி எடுத்தா?" என்று கேட்டார். எத்தனை படித்தும் எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை. ஈராக்குக்காகக் கனடாவில் செய்த மாலிபுக்கள், ஆர்டர் பாதியில் நின்றுபோய்த் துறைமுகத்தில் கேட்பாரற்று நின்ற கதையைச் சொன்னேன். "பாவம், அதுங்க இன்னா பண்ணுச்சு" என்றார் அக்கா. எண்பத்து மூன்றோடு எல்லாம் முடிந்தது. போன வருஷம் அதே பெயரில், முன்சக்கரம் இழுக்கிற வேறொரு காரை விட்டிருக்கிறார்கள் என்றேன். "பேரு வச்சா ஆச்சா?" என்றார் சூசையண்ணன்.

திரும்பி வரும்போது ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டினோம். அக்கா எட்டிப் பார்த்து, "போ போ, ரோடு காலி" என்றார். எதிரே ஒரு அரசு பஸ் தலைதெறிக்க வந்துகொண்டிருந்தது. "அய்யோ பஸ்!" என்று நான் கத்திவிட்டேன். பஸ் எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனது. ஆனால் எங்கள் வண்டி லாரியின் பின்னாலிருந்து ஒரு சாண்கூட விலகியிருக்கவில்லை.

"இஞ்சின் இழுக்கலம்மா" என்றார் சூசையண்ணன் நிதானமாக. "வர வர அதுக்குத் தெம்பே இல்ல."

அக்கா விவேக் நகர் வரும் வரை ஜன்னலுக்கு வெளியே முகத்தை வைத்திருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நடுவில் ஒரு நாள் மாலை பீன்யாவிலிருந்து நேரே போய், அக்கா கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் பானட்டைத் திறந்து இஞ்சினைப் பார்த்தேன். ஸ்டார்ட் செய்து, முறுக்கி, காது வைத்துக் கேட்டேன். இன்னும் பல வருஷம் ஓடும். "அண்ணே, இதுக்கு ஒரு கேடும் இல்லையே?" என்றேன்.

சூசையண்ணன் கோவில் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இஞ்சினுக்கு இல்ல சார். அவ கண்ணுக்கு. உள்ள பிரஷர் ஏறிச்சாம், போன பார்வ திரும்பாதுன்னுட்டாரு டாக்டரு. கொஞ்சந்தான் தெரியுது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு அவளா போ, நில்லுன்னு சொல்லிகினு வர்றா. நான் முந்தறதையே உட்டுட்டேன். கேட்டா இஞ்சின் இழுக்கலன்னு சொல்லிக்கறேன்."

"அக்காவிடம் சொல்லிவிடலாமே?"

"எப்டி சார் சொல்றது? உன் கண்ணு போச்சு, எறங்குன்னா? வண்டி கைக்கு வந்ததுலேர்ந்து அவ பாத்துதான் நான் ஓட்டறேன். வேற ஆளை அந்த சீட்டுல குந்தவச்சா அவ செத்துருவா. ஆனா இனிமேட்டு ஓட்டவும் கூடாது. நாளைக்கு யாரோ பெத்த பொண்ண ஏத்திகினு போறப்ப எதனா ஆச்சுன்னா?" என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அமெரிக்கா இஞ்சினீரு. நீங்க சொன்னா நம்புவா. இஞ்சின் போச்சு, இதோட நிறுத்திடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார். வண்டியால நின்னதா இருக்கட்டும். அவளால நின்னதா வேணாம்."

நான் தர ஆய்வாளன். நல்லதைக் கெட்டது என்று சொல்வது எங்கள் தொழிலில் பாவம். ஆனால் அந்த மனிதர் பிடித்த கையை விடவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

சனிக்கிழமை பகலில், கையில் கிரீஸைப் பூசிக்கொண்டு போய் அக்காவின் முன்னால் நின்றேன். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, பிளாக்கில் விரிசல், இந்த வாரத்துக்கு மேல் ஓட்டினால் ஆபத்து என்று வாய்க்கு வந்ததை அடுக்கினேன். வேறு இஞ்சின் மாட்டலாமா என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து, "இனி எதை மாட்டினாலும் பாடி தாங்காது" என்று அதற்கும் சேர்த்துப் பொய் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு கணவரிடம், "சாருக்கு சூடா பப்ஸ் வாங்கியாங்க, போங்க" என்றார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அக்கா, "குந்து தம்பி" என்றார். அதுவரை நான் சார். "உனக்குப் பொய் சொல்ல வரல. ரெண்டு ரிப்பேரோட நிறுத்தியிருக்கணும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இழுக்காத இஞ்சின் கத்தும் தம்பி. அன்னிக்கு நான் போன்னு சொன்னேன், நீ பஸ்ஸுன்னு கத்துன. இஞ்சின் கத்தவே இல்ல. அவரு காலே வைக்கல. அதுக்கு முன்னால, இஞ்சின்தான் சரியில்லன்னு நானும் பாதி நம்பிகினு இருந்தேன். நீ கத்துனப்பத்தான் புரிஞ்சிச்சு, அவரு என் பேச்ச வச்சி ஓட்டலைன்னு. எத்தினி நாளா ஓட்டலையோ!" புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "முழுசா இருட்டல தம்பி, நெழலா தெரியுது. சொன்னா அவரு வண்டிய வித்துட்டு மூலையில குந்திருவாருன்னு பயந்தேன். இப்ப அவரே நிறுத்தணும்னு நெனச்சிட்டாரு. எனக்கு வலிக்கக் கூடாதுன்னு உன்னக் கூட்டியாந்து நாடகம் போடறாரு. போடட்டும். நான் நம்பிட்டேன். அவருகிட்ட நீயும் அப்டியே சொல்லிரு."

சூசையண்ணன் பப்ஸோடு வந்தார். "கேட்டீங்களா, வண்டி போச்சாமே" என்றார் அக்கா, அழுகிற குரலில். "ஆமாம்மா, இன்னா பண்றது" என்றார் அவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். நான் பப்ஸை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

நான் கிளம்புகிற நாள், ஏர்போர்ட்டுக்கு ஆட்டோ பிடிக்க விடவில்லை. "அது வரைக்கும் தாங்கும், சாரே சொன்னாரு" என்று சூசையண்ணன் வண்டியைத் தொம்மலூருக்கே கொண்டுவந்துவிட்டார். கடைசிச் சவாரி என்பதால் கழுவிப் பூ வைத்திருந்தார். நான் பின்கதவைத் திறக்கப் போனேன். அக்கா முன்சீட்டிலிருந்து கூப்பிட்டார்.

"இங்க வா தம்பி. இந்தப் பக்கம் வெயிலு அடிக்குது, நான் நடுவுல குந்திக்கிறேன்."

மேகம் மூடிய மத்தியானம் அது. சூசையண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அக்கா நகர்ந்து நடுவில் உட்கார்ந்தார். நான் வலது ஜன்னலில் ஏறினேன். ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் அக்கா முட்டியை ஒதுக்கிக் கொடுத்தார்.

ஏர்போர்ட் ரோட்டில் ஒரு பக்கத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். போகிறதும் வருகிறதும் ஒரே பாதையில். முன்னால் செங்கல் லாரி ஒன்று ஊர்ந்தது. நான் தலையை வெளியே நீட்டினேன். ஒரு ஆட்டோ, ஒரு ஸ்கூட்டர், பிறகு காலி. இன்னொரு தடவை எட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் என் சொல்லை நம்பி யாரும் உயிரைப் பணயம் வைத்ததில்லை.

"போலாம் அண்ணே" என்றேன்.

சூசையண்ணன் மிதித்தார். அந்த டெம்போ இஞ்சின் கர்ஜித்துக்கொண்டு எழுந்தது. வண்டி லாரியை ஒரே மூச்சில் தாண்டி முன்னால் போய் விழுந்தது. அவர் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது. அதே நொடியில் அவருக்கு உறைத்தது. போய்விட்டது என்று சொன்ன இஞ்சின் குதிரை மாதிரி ஓடியிருக்கிறது. அவர் வாய் திறந்தபடி நின்றது.

அக்கா நேரே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அணையப் போற வெளக்கு, கொஞ்சம் துள்ளத்தான் செய்யும்."

"ஆமாம்மா" என்றார் சூசையண்ணன். அதற்குப் பிறகு அவர் எதையும் முந்தவில்லை.

ஏர்போர்ட் வாசலில் இறங்கினேன். அக்கா என் கன்னத்தைத் தடவி, "ஒத்தையில கெடக்காத தம்பி, யாரையாவது பாத்துக்க" என்றார். தலையாட்டினேன். அது அவருக்குத் தெரிந்திருக்காது என்று பிறகுதான் உறைத்தது.

வண்டி நகர்ந்தது. வலது பக்கம் முழுக்கக் காலியாக இருந்தும் பிலோமினாக்கா அந்தப் பக்கம் நகர்ந்து உட்காரவில்லை. கணவரை ஒட்டியே இருந்தார். வாசலைத் தாண்டியதும் மாலிபு ஒரு சிட்டி பஸ்ஸின் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. ஆட்டோக்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போயின. இரண்டு தலைகளும் ஏதோ பேசிக்கொண்டே போயின. எனக்கு வலிக்கக் கூடாது என்று பொய் சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இல்லையே என்று, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே அழுதேன்.